துபாசியைப் பெற்றவர்கள்

யூதாவூர், கேபார் கால்வாய்க்கரை
சீவான் மாதம் 10

மகன் யாசனியாவுக்கு அப்பா மெசுல்லாம் எழுதுவது. உனக்கும் நீ தங்கியிருக்கும் வீட்டாருக்கும் சமாதானம் உண்டாகட்டும். கர்த்தர் தயவால் நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

நிப்பூர் நீதிமன்றத்தில் உன்னைத் துபாசியாக வைத்துக்கொண்ட செய்தியைப் பேரீச்சம்பழப் படகுக்காரன் நடுக்கால்வாயிலிருந்தே கத்திச் சொன்னான். ஊரே கேட்டது. எருசலேமிலிருந்து என் தாத்தாவை இந்த நாட்டுக்கு இழுத்து வந்தபோது, தண்ணீர் கேட்கக்கூடச் சொல் தெரியாமல் கையைக் குவித்துக் காட்டினாராம். அவருடைய கொள்ளுப்பேரன் இன்று பாபிலோனிய நீதிபதிகளின் பக்கத்தில் நின்று, நம்மவர் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்கிறான். இதை நினைத்தால் என் முழங்கால் வலிகூடக் கொஞ்சம் குறைகிறது.

அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்: "அங்க போயி வேகமாப் பேசாதேன்னு எழுதுங்க. ஆரம்பிச்சா மூச்சு விடமாட்டான் அவன்."

எனக்கு அதே மதகு வேலைதான். பலகையை இறக்கினால் நமக்கு ஐந்து நாள் தண்ணீர். ஏற்றினால் கீழே இருக்கும், நம்மைப் போலவே இந்த நாட்டுக்கு இழுத்து வரப்பட்ட தீரியர் குடியிருப்புக்கு ஐந்து நாள். பன்னிரண்டு வருடமாக ஏற்றி இறக்குகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா, மெசுல்லாம்


நிப்பூர்
தம்மூஸ் மாதம் 4

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யாசனியாவின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே என் சாப்பாடு இறங்குகிறது.

வேலை பிடித்திருக்கிறது. நீதிபதிகள் மூன்று பேர். பக்கத்தில் எழுத்தர் ஈரக் களிமண் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் என் வாய் வழியாகத்தான் அந்தக் களிமண்ணுக்குப் போக வேண்டும். அது காய்ந்துவிட்டால் மாற்ற முடியாது. நேற்று ஓர் ஆட்டுக்காரர் எதிராளியை "கழுதைக்குப் பொறந்தவன்" என்றார். நான் அதையும் அப்படியே சொன்னேன். பெரிய நீதிபதி திரும்பி, "இது அவர் சொன்னதா, நீ சேர்த்ததா?" என்று கேட்டார். "அவர் சொன்னதுதான் ஐயா. எனக்கு அந்தக் கழுதையைத் தெரியாது" என்றேன். எழுத்தருக்குச் சிரிப்பில் ஒரு வரி கோணிப்போனது.

அம்மா, நான் மெதுவாகத்தான் பேசுகிறேன். ஊர் விசேஷங்களை எழுதுங்கள்.

உங்கள் மகன், யாசனியா


யூதாவூர்
ஆப் மாதம் 2

அன்புள்ள யாசனியா, சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்த வருடம் வெயில் கடுமை. ஆனாலும் நம் ஊர் வயலெல்லாம் பச்சையாக இருக்கிறது. வெங்காயம் நன்றாகத் திரண்டிருக்கிறது. எள் இடுப்புயரம். தலைவர் அக்கூப் வீட்டில் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஆட்டுக்காரர் கதையை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "நம்ம ஊர்க் கதையையும் அவனுக்கு எழுதுங்களேன்" என்றாள். நம் ஊரில் என்ன கதை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் அப்படியேதான். உன் உடம்பு பத்திரம்.

மெசுல்லாம்


நிப்பூர்
ஆப் மாதம் 20

அப்பாவுக்கு யாசனியா எழுதுவது. இருவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வழக்கு வந்திருக்கிறது. தீரியர் குடியிருப்பார் நம் ஊர்மேல் கொடுத்தது. தம்மூஸ் மாதத்தில், நம் முறை முடிந்த பிறகும் பலகை ஏறவில்லையாம். அவர்கள் எள் முழுக்கக் காய்ந்துவிட்டதாம். நம் ஊர்ப் பெயரை நீதிமன்றத்தில் என் வாயாலேயே வாசிக்க வேண்டியிருந்தது. நம் தலைவர் அனுப்பியிருந்த பதிலையும் நானே சொன்னேன்: ஆற்றிலேயே தண்ணீர் குறைவு, இரண்டு நாள்தான் தாமதம், அதுவும் பலகை வீங்கிச் சிக்கிக்கொண்டதால் என்று.

சாட்சி விசாரணை எலூல் கடைசியில். துபாசி எந்தப் பக்கமும் பேசக் கூடாது. அதனால் அங்கே வாய் திறக்கவில்லை. ஆனால் உங்களிடம் கேட்கலாம் அல்லவா? மதகில் நின்றவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பலகை அசையாது. எத்தனை நாள் அப்பா?

அம்மாவுக்கு என் அன்பு.

யாசனியா


யூதாவூர்
எலூல் மாதம் 1

மகனுக்குச் சமாதானம். இங்கே நலம்.

தலைவர் அக்கூப் நிப்பூருக்கு வருகிறார். உன்னையும் பார்ப்பார். மரியாதையாக நடந்துகொள். ஊருக்குப் பெரியவர், நமக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள்.

இங்கே வெங்காயம் பிடுங்கியாகிவிட்டது. சின்ன ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கறுப்பு.

மெசுல்லாம்


நிப்பூர்
எலூல் மாதம் 9

அன்புள்ள அப்பா, நீங்களும் அம்மாவும் நலம்தானே? கறுப்புக் குட்டிகளும் நலமென்று நம்புகிறேன். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை; குட்டிகள் செய்திதான் வந்தது.

தலைவர் வந்தார். நீங்கள் சொன்னபடி மரியாதையாகத்தான் உட்கார வைத்தேன்.

"என்னடா துபாசி, கன்னம் வெச்சிருக்கு! நிப்பூர் மீன் ஒத்துக்கிச்சு போல" என்று ஆரம்பித்தார். கூடை நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாக வந்தார் விஷயத்துக்கு.

"நம்ம ஆளுங்க சாட்சி சொல்லும்போது தடுமாறுவாங்க. பெரிய இடம், பயம் இருக்கும். ஒண்ணு கிடக்க ஒண்ணு வந்திரும். நீதான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தணும்."

"நான் ஒழுங்குபடுத்துறவன் இல்ல தலைவரே. இங்க வாங்கி அங்க குடுக்குறவன்."

"அதைத்தான் சொல்றேன். ஆறுன்னு வாங்கினா ரெண்டுன்னு குடு. நம்ம பாஷை அவனுங்களுக்குத் தெரியவா போகுது?"

"ஆறா? ஆறுன்னு யாரு சொன்னது?"

அவர் பழக்கூடையை என் பக்கம் நகர்த்தினார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

"தீரியர் சொல்றதையும் நான்தான் சொல்லப்போறேன். அவங்க வந்து கேட்டா அவங்க எண்ணையும் மாத்தட்டுமா?"

"அவங்க வேற, நாம வேற."

"வாய் ஒண்ணுதானே தலைவரே."

அவர் முகம் சிவந்துவிட்டது. "படிச்ச திமிரு. ஊரு உன்னைத் தோள்ல தூக்கி வெச்சிருக்கு. இறக்கிவிடவும் தெரியும்" என்று எழுந்தார். பழக்கூடையை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். ஆசையாகத்தான் இருந்தது. நம் ஊர்ப் பழம்.

நான் அவரிடம் கோபமாகப் பேசவில்லை. பயந்தும் பேசவில்லை. இரண்டாவது முறையாக உங்களிடம் கேட்கிறேன் அப்பா: எத்தனை நாள்?

யாசனியா


யூதாவூர்
எலூல் மாதம் 15

என் மகன் யாசனியாவுக்கு, அம்மா அபிதாள் சொல்ல, பக்கத்து வீட்டுச் செலோமித் எழுதுவது. நீ நன்றாயிரு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. நான் சுகம். உன் அப்பா சுகம் என்று எழுத மாட்டேன்.

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறார். நேற்று அப்பத்தை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்றார். இனிமேல் அவர் எழுதுவார் என்று காத்திருந்தால் வழக்கே முடிந்துவிடும். அதனால் நானே சொல்கிறேன்.

பலகையை இறக்கியது உன் அப்பாதான். முறை முடிந்த அன்று ஏற்றப் போனார். அக்கூப் வழிமறித்தார். "வேணாங்க, கீழ அவங்க எள்ளு காஞ்சிரும்" என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், "வழக்கு வந்தா வரட்டும்யா. உன் மகன்தான் அங்க உக்காந்திருக்கானே, பாத்துக்க மாட்டானா?" என்றாராம். உன் அப்பாவுக்கு அந்த வார்த்தையில் ஒரு பெருமை. பலகை ஏறவில்லை.

எனக்குப் பிறகுதான் தெரியும். "உங்க மகன் நாக்கை நம்பியா மத்தவங்க வயலக் காய வெச்சீங்க?" என்று கேட்டேன். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இப்போது அவரையே சாட்சியாகக் கூட்டிப் போகிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அக்கூப் தினமும் வந்து சொல்லிக்கொடுக்கிறார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வீட்டில் நான் ஒருத்தியாவது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அம்மா

(செலோமித்தின் நலவிசாரிப்பும். இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.)


நிப்பூர்
எலூல் மாதம் 18

அப்பாவுக்கு வணக்கம். சாப்பிடுங்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் சாட்சிக்கு வருவது தெரியும். நீதிபதிகளிடம் நீங்கள் என் அப்பா என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அதன் பிறகும் என்னையே பேசச் சொன்னால் பேசுவேன். நீங்கள் சொல்வதை, ஓர் உமி கூடாமல், ஓர் உமி குறையாமல் சொல்வேன். இரண்டு என்றால் இரண்டு. ஆறு என்றால் ஆறு. என் நாக்கு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி வராதீர்கள். நீங்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்கூட உங்களைக் குத்தாது என்று நம்பி வாருங்கள்.

உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்; படகில் நெடுநேரம் மடக்கி உட்கார வேண்டாம்.

யாசனியா


நிப்பூர்
எலூல் மாதம் 27

அன்புள்ள அம்மாவுக்கு யாசனியாவின் முத்தங்கள். இது உங்கள் கைக்கு வரும்போது அப்பா வீடு வந்து சேர்ந்திருப்பார். அவர் சுருக்கமாகத்தான் சொல்வார் என்பதால் நான் விவரமாக எழுதுகிறேன். செலோமித்தை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் தீரியர் பக்கத்திலிருந்து அரிசாத் என்ற பெண் பேசினாள். நாற்பது வயதிருக்கும், கணீரென்ற குரல், நமக்கும் புரிகிற பேச்சு. "கருகின மயிரு மாதிரி நின்னுச்சு ஐயா என் எள்ளு. பிடுங்கினா கையோட பொடியாப் போச்சு. மேல அவங்க வயல் பச்சையா இருக்கு, என் வீட்டு வாசல்ல நின்னே பாக்கலாம்" என்றாள். அப்படியே சொன்னேன். நம் ஊரார் பக்கம், பாபிலோனிய பாஷையில் ஓரிரு சொல் புரிந்தவர்களிடமிருந்து, ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் திரும்பவில்லை.

அடுத்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் நீதிபதிகளிடம், "இவர் என்னைப் பெற்ற அப்பா. வேறு துபாசியை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். வேறு யாரும் இல்லை. பெரிய நீதிபதி அரிசாத்தைக் கேட்கச் சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காலையில நான் சொன்னதைச் சொல்லி முடிச்சதும் இவங்க ஊர்க்காரங்களே இவனை முறைச்சாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு, சரியாத்தான் சொல்லியிருக்கான்னு. இவனே பேசட்டும்" என்றாள்.

அப்பா கர்த்தர் பெயரில் சத்தியம் செய்தார். "தண்ணி கம்மிங்க... பலகைய சில நாள் இறக்கியே வெச்சிருந்தோம்" என்றார்.

"சில நாள்" என்றே சொன்னேன். எழுத்தர் குச்சியை நிறுத்தினார். எண் வேண்டும் என்றார்.

"அப்பா, எத்தனை நாள்னு கேக்குறாங்க."

இதை நான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன் என்பது அங்கே எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். பின்னால் தலைவர் இருமினார், ஒரு முறை, இரண்டு முறை. அப்பா என் கண்ணைப் பார்க்கவில்லை அம்மா. என் வாயைப் பார்த்தார். அதிலிருந்து அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்ப்பதுபோல.

"ஆறு" என்றார். கேட்கவில்லை என்றார்கள். தலையை நிமிர்த்தி, "ஆறு நாள். பலகை சிக்கவெல்லாம் இல்ல. தலைவர் சொன்னாரு, நான் ஏத்தாம விட்டேன். கை என்னோடது" என்றார்.

ஆறு நாள் என்றேன். பலகை சிக்கவில்லை என்றேன். தலைவர் சொன்னார் என்றேன். கடைசி வாக்கியத்தை நான் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது அப்பா சொன்னதிலேயே நல்ல வாக்கியம். அதை எப்படி விடுவேன்? "கை என்னுடையது" என்றும் சொன்னேன். எழுத்தர் அதையும் களிமண்ணில் அழுத்தினார்.

தீர்ப்பு இது: விதைப்புக் காலத்தில் முதல் ஆறு நாள் தண்ணீர் தீரியர் குடியிருப்புக்கு. அதன் பிறகுதான் நமக்கு. இனி மதகில் இரண்டு ஊருக்கும் ஒவ்வோர் ஆள் நிற்க வேண்டும்.

வெளியே வந்து அப்பா என் தோளைத் தொட்டார். படகு கிளம்பிவிட்டது. அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்


யூதாவூர்
திஷ்ரி மாதம் 6

மகனே, அம்மாவும் செலோமித்தும். சுகம்தானே? இங்கே சுகம், இந்த முறை நானும் அப்பாவும் இரண்டு பேருமே.

உன் அப்பா கரையிறங்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் நேராக அடுப்படிக்கு வந்து, "என்ன இருக்கு?" என்றார். மீனும் மூன்று அப்பமும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு அழுதார். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அக்கூப் மறுநாளே மதகு வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார். கிணற்றடியில் சில பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் பேசாததால் எனக்குச் சீக்கிரம் வேலை முடிகிறது. நேற்று நம் ஊர்க்காரர் இரண்டு பேர் பின்வாசல் வழியாக வந்து, உன் அப்பா கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை முன்வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன்.

மீதியை அவரே எழுதுவாராம். கொஞ்சம் நாள் கேட்கிறார்.

அம்மா


யூதாவூர்
மார்கேஸ்வான் மாதம் 12

என் மகன் யாசனியாவுக்கு, உன் அப்பா. உனக்கு நிறைவான சமாதானம் உண்டாகட்டும். நானும் அம்மாவும் சுகம். இந்த முறை அதை எழுதும்போது என் கை தயங்கவில்லை.

உன் கேள்விக்கு இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். வெங்காயத்தைப் பற்றி எழுதினேன், ஆட்டைப் பற்றி எழுதினேன். மன்னித்துக்கொள். நிப்பூருக்குப் படகில் வரும்போதுகூட அக்கூப் என்னை "ரெண்டு, ரெண்டு" என்று சொல்ல வைத்துக்கொண்டே வந்தார். அந்த வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

நீ நீதிபதிகளிடம் ஏதோ சொன்னாய். எனக்கு அவர்கள் பாஷை புரியாது. ஆனால் அப்பா என்கிற சொல் இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால், குற்றவாளியாக நிற்கிறவனைப் பார்த்து, நீ தயங்காமல் அந்தச் சொல்லைச் சொன்னாய். அதே வாயில் என் பொய்யை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு என்கிற சொல்லும் அங்கே நம் சொல்லைப் போலத்தான் ஒலிக்கிறது. அதையும் நீ சொல்லக் கேட்டேன். என் தப்பைத்தான் நீ ஊரறியச் சொல்கிறாய். எனக்கோ உள்ளே சந்தோஷம் பொங்குகிறது. ஒரு மனிதனுக்கு அப்படி ஒரே நேரத்தில் வெட்கமும் சந்தோஷமும் வருமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கூடுதலாக இருந்தது சந்தோஷம்தான்.

நேற்று அந்த ஆறு நாளில் முதல் நாள். பலகையைப் புது ஆட்கள் இரண்டு பேர் ஏற்றினார்கள். வா, தண்ணீரோடு கீழே போய் வருவோம் என்று உன் அம்மாதான் கிளப்பினாள். கரையோரமாக நடந்தோம். தண்ணீர் எங்களைவிடக் கொஞ்சம் முன்னால் போனது. தீரியர் வயலில் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அரிசாத் மட்டும் வாய்க்காலைத் தாண்டி வந்தாள்.

என்னைப் பார்த்து, "நல்லாத்தான் பேசினீங்க. என்ன, ரெண்டு மாசம் முன்னாடியே பேசியிருக்கலாம்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? அவள் சிரித்துவிட்டாள். நானும் மண்வெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வரப்பைத் திருத்த இறங்கினேன்.

பிறகு அவள் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தத் துபாசிப் பையனப் பெத்தவ நீதானா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் உன் அம்மா. நேற்று முதலில் முந்தானையைத்தான் தேடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, நான்தான் பெத்தவ" என்றாள். பக்கத்து வயலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்டிருக்காதோ என்று சந்தேகம் போல, இன்னும் சத்தமாக, "நான்தான் பெத்தவ!" என்றாள்.

அரிசாத் கேட்டது ஒரு தடவை. வீடு வந்து சேர்வதற்குள் உன் அம்மா அந்தப் பதிலை வழியில் கண்ட எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

உன் அப்பா,
மெசுல்லாம்